உதவித்தொகை இல்லாமல் ஒரு எம்.எஸ்.: நாமக்கல் வீடு ஒன்றின் கணக்கும் தேதிகளும்

2023 அக்டோபரில் என் அக்கா மகள் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு எம்.எஸ். படிக்கப் போனாள். உதவித்தொகை எதுவும் கிடையாது. அவளுடைய அப்பா, என் மச்சான், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. மாதம் 28,000 ரூபாய் வருமானம். நான் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். அதனாலும், தாய்மாமன் என்பதாலும், இந்தப் படிப்பின் பணக் கணக்கு முழுவதும் என் நோட்டில்தான் ஏறியது. இரண்டரை வருடக் கணக்கு இப்போது முடிகிற நிலைக்கு வந்திருக்கிறது. அதைத் தேதி வாரியாக இங்கே வைக்கிறேன். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கும்போது ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற கேள்வியில் நாங்கள் மூன்று மாதம் செலவழித்தோம். எங்களைச் சிக்கவைத்ததெல்லாம் எந்தத் தேதியில் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

ஏன் உதவித்தொகை இல்லை

பெண் கோயம்புத்தூரில் பி.இ. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் சேர்ந்ததால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடைத்தது. ஆனால் அந்தச் சலுகை பி.இ.யோடு முடிந்துபோகும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு வெளிநாட்டில் படிக்க மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. இவள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்பதால் அதில் வரமாட்டாள். இதர பிற்படுத்தப்பட்டோர் வெளிநாட்டில் படிக்க வாங்கும் கடனுக்கு மத்திய அரசு வட்டி மானியம் கொடுத்துவந்தது. அந்தத் திட்டத்தில் 2022-23 முதல் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. ஒரு வருடம் தள்ளிப் பிறந்தது போல ஆகிவிட்டது.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் உதவித்தொகைகளில் இவளுக்கு ஓரளவு பொருந்திய ஒன்று இரண்டு வருட வேலை அனுபவம் கேட்டது. இவளிடம் இருந்தது ஒரு வருடம். இன்னொரு வருடம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாமா என்று பேசினோம். கிடைக்கும் என்ற உறுதி இல்லாத ஒன்றுக்காக ஒரு வருடத்தை வைப்பதில் அவளுக்கு மனமில்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அமெரிக்காவா, ஜெர்மனியா

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடத்துக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து சுமார் 66,000 டாலர். அன்றைய விலையில் 54 லட்சம். எங்களிடம் 54 லட்சத்துக்கு ஈடு வைக்கச் சொத்து இல்லை. கடன் ஆலோசகர் ஒருவர், "ஈடே வேண்டாம் சார், பதினொன்றரை சதவீதத்துக்கு 50 லட்சம் வாங்கித் தருகிறேன்" என்றார். நான் அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன். 50 லட்சம், பதினொன்றரை சதவீதம், 10 வருடம் என்றால் மாதத் தவணை 70,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அதில் சேரவில்லை. படிப்பு முடிந்து அமெரிக்காவிலேயே வேலை கிடைத்தால் இந்தக் கடன் தாங்கும். கிடைக்காமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பினால் தாங்காது. வேலை விசா குலுக்கலில் விழுந்தால்தான் நிலைக்கும் ஒரு கணக்கை, 28,000 வருமானக் குடும்பத்தின் தலையில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். பெண் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி மாமா, ஜெர்மனி பார்ப்போம்" என்றாள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. எல்லாவற்றிலும் என்று சொல்ல முடியாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. கார் நிறுவனங்கள் இருக்கும் ஊர் என்று பெண்ணுக்கு ஸ்டுட்கார்ட் மேல் ஆசை இருந்தது. நான்கு பருவத்துக்கு 6,000 யூரோ, அதோடு அந்த ஊர் வாடகை என்று எழுதிக் காட்டியதும் அவளே அடித்துவிட்டாள். கெம்னிட்ஸ் பழைய கிழக்கு ஜெர்மனியில், சாக்சனியில் இருக்கிற தொழில் நகரம். வாடகை குறைவு. அவள் விரும்பிய வாகன மென்பொருள் பிரிவு அங்கே ஆங்கிலத்தில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "ஜெர்மனியில் சேர்த்துவிடுகிறோம்" என்று வருகிற ஏஜெண்டுகளில் பலர் தனியார் பல்கலைக்கழகங்களைத்தான் முதலில் காட்டுவார்கள். அங்கே கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 10,000 யூரோவைத் தாண்டும், ஏஜெண்டுக்குக் கமிஷனும் அங்கிருந்துதான் வரும். காட்டப்படுவது அரசுப் பல்கலைக்கழகமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

கடனுக்கு முந்தைய செலவு

இடம் கிடைப்பதற்கு முன்பே பணம் போகத் தொடங்கிவிடும், அதற்கு எந்த வங்கியும் முன்பணம் தராது. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமான ஏ.பி.எஸ். (கல்விச் சான்றுகள் சரிபார்ப்பு) சான்றிதழுக்கு 18,000 ரூபாய். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கு 16,000 ரூபாய்க்கு மேல். யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்க முதல் இடத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து இடத்துக்குப் போட்டாள், 195 யூரோ ஆனது. ஆக 50,000 ரூபாய்க்கு மேல் அவளுடைய ஒரு வருடச் சம்பளத்திலிருந்தே போனது. விசாக் கட்டணம் 75 யூரோ தனி. இதற்கெல்லாம் போக அவள் கையில் மிஞ்சியது ஒன்றரை லட்சம்.

தாத்தா பெயரில் இருந்த பட்டா

ஈடு இல்லாமல் அரசு வங்கிகள் கொடுப்பது பொதுவாக ஏழரை லட்சம் வரைதான். அதற்கு மேல் சொத்து வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே சொத்து நாமக்கல் வீடு. வழிகாட்டி மதிப்பில் 24 லட்சம் வரும்.

வீட்டின் பத்திரமும் பட்டாவும் மச்சானின் அப்பா பெயரில் இருந்தன. அவர் 2011-இல் காலமானார், பாட்டி அதற்கும் முன்னால். பன்னிரண்டு வருடமாக யாருக்கும் அதைத் தொடத் தேவை வரவில்லை. வீட்டு வரி கட்டினோம், கரண்ட் பில் கட்டினோம், வீடு நம்முடையது என்று இருந்துவிட்டோம். ஆனால் வங்கியின் கண்ணில் வீடு மூன்று பேருடையது. மச்சானும் அவருடைய இரண்டு தங்கைகளும். முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு தங்கைகள் இருவரும் தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பட்டா மாறுதல். அப்புறம் 30 வருட வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், வங்கி வக்கீலின் கருத்துரை, மதிப்பீட்டாளர் அறிக்கை.

சேந்தமங்கலத்தில் இருக்கும் சின்ன அத்தை அன்றைக்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். திருப்பூரில் இருக்கும் பெரிய அத்தை வீட்டில் பேச்சு மூன்று வாரம் இழுத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 8 லட்சம் பெறும் பங்கை ஒரு காசு வாங்காமல் எழுதிக் கொடு என்று கேட்கிறோம், அதுவும் அந்த வீடு அடமானத்துக்குப் போகப்போகிறது. அவர் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது: "நாளைக்குப் பாப்பா கட்டலைன்னா வீடு ஏலத்துக்குப் போயிரும். அப்ப இவ பங்குக்கு யாரு பொறுப்பு?" எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் பெரிய அத்தை, "எங்கப்பா இருந்திருந்தா வித்துட்டே படிக்க வச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு மே மாதம் நாமக்கல் வந்து கையெழுத்துப் போட்டார். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குப் பக்கம் ஆனது.

இந்தக் காகித வேலை ஜனவரியில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. அட்மிஷன் கடிதம் வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்திருந்தால் அந்த வருடம் போயிருக்கும். வெளிநாட்டுப் படிப்பு என்ற எண்ணம் வீட்டில் எழுந்த அன்றே பார்க்க வேண்டிய முதல் காகிதம் பட்டா. அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

கடன்: 18 லட்சம் ஒப்புதல்

2023 ஆகஸ்ட் 4 அன்று ஒப்புதல் வந்தது. 18 லட்சம் ரூபாய், பத்தேகால் சதவீத வட்டி, பெண் பிள்ளைக்கான அரை சதவீதச் சலுகை போக. படிப்புக் காலம் 24 மாதம், அதற்கு மேல் ஒரு வருடம் மாரடோரியம் (தவணை கட்ட வேண்டாத அவகாசம்), பிறகு 15 வருடத் தவணை. வெளிநாட்டுப் படிப்பு என்பதால் மார்ஜின் 15 சதவீதம். அதாவது ஒவ்வொரு செலவிலும் 15 சதவீதத்தை நாம் போட்டால் 85-ஐ வங்கி போடும்.

"எதுக்குடா 18 லட்சம், பத்து போதாதா?" என்று அக்கா பயந்தாள். இது பலருக்கும் இருக்கும் பயம். ஒப்புதலான தொகைக்கு வட்டி கிடையாது, எடுத்த தொகைக்குத்தான். நடுவில் பணம் போதாமல் போய், கூடுதல் கடனுக்குத் திரும்பவும் வக்கீல், மதிப்பீடு என்று அலைவது மிகவும் கடினம். அதனால் தேவைக்கு மேலேயே ஒப்புதல் வாங்கி, குறைவாக எடுத்தோம். கடைசி வரை நாங்கள் எடுத்தது 12,60,000 மட்டும்.

47 நாள்

இந்தக் கணக்கிலேயே மிகவும் இறுக்கமான கட்டம் இதுதான்.

ஜெர்மனி மாணவர் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே ப்ளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2023-இல் அது 11,208 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 934 யூரோ வீதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் போதாது, பணமே அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். எங்கள் வங்கிக் கிளையோ, விசா வந்த பிறகுதான் பணத்தை விடுவிப்போம் என்றது. விசா வேண்டுமென்றால் பணம் போட வேண்டும், பணம் வேண்டுமென்றால் விசா வேண்டும். மேலதிகாரிக்கு எழுதினோம். ஒப்புதல் தேதிக்குப் பிறகு நாங்களே பணத்தை அனுப்பிவிட்டு ரசீது காட்டினால், விசா வந்ததும் எங்கள் பங்கு போக மீதியைத் திருப்பித் தருவதாக எழுத்தில் பதில் வந்தது. எழுத்தில் வாங்கியது நல்லதாயிற்று, நடுவில் மேனேஜர் மாறிவிட்டார்.

யூரோ அப்போது தொண்ணூறரை ரூபாய். 11,208 யூரோ என்றால் 10,14,000 ரூபாய். பெண்ணிடம் ஒன்றரை லட்சம் இருந்தது. மீதிக்கு நகைதான். அக்காவிடம் 18 பவுன் இருந்தது. என் மனைவியின் 12 பவுனை நான் கேட்கவில்லை. அவளே டப்பாவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். 22 கேரட் பவுன் அப்போது 44,000 ரூபாய் ஓடியது, மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது என்பது அன்றைய விதி. 30 பவுனுக்கு 9 லட்சம் வாங்கினோம், ஒன்பது சதவீத வட்டிக்கு. ஆகஸ்ட் 10 அன்று பணம் ஜெர்மனிக்குப் போனது.

அன்றைக்குத்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. வெளிநாட்டுக்குப் படிப்புக்காக அனுப்பும் பணத்தில், அப்போதைய விதிப்படி, ஒரு நிதியாண்டில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு டி.சி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். பணம் கல்விக் கடனிலிருந்து நேராகப் போனால் அரை சதவீதம்தான். சொந்தப் பணம் என்றால் ஐந்து சதவீதம். நகைக்கடன் பணம் சொந்தப் பணக் கணக்கில்தான் வரும். எனவே 1,570 ரூபாய் போயிருக்க வேண்டிய இடத்தில் 15,700 ரூபாய் போனது. இந்த 7 லட்ச வரம்பு அனுப்புகிற ஒவ்வொரு ஆளுக்கும் தனி. பெண் கணக்கிலிருந்து ஒரு பகுதி, அப்பா கணக்கிலிருந்து ஒரு பகுதி என்று அனுப்பியிருந்தால் இது வந்தே இருக்காது. கணக்கர் என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை முன்பே பார்க்கத் தவறியது என் பிழை. வரி இல்லாதவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும். மச்சான் வாழ்க்கையில் முதன்முறையாக வருமான வரி ரிட்டர்ன் போட்டது இதற்காகத்தான், மறு வருடம் பணமும் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு 10 லட்சம், கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டி.சி.எஸ். இல்லவே இல்லை. இப்போது போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

செப்டம்பர் 21 அன்று விசா வந்தது. 26-ஆம் தேதி வங்கி 8,60,000 ரூபாயை விடுவித்தது. நகைகள் 47 நாள் அடமானத்தில் இருந்தன, வட்டி 10,400 ரூபாய்க்குச் சற்று மேல். அசல் 9 லட்சத்துக்கும் வட்டிக்கும் குறைந்த 50,000-ஐ நான் போட்டு 30 பவுனையும் மீட்டோம்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பெண் வைத்திருந்த ஒன்றரை லட்சம் முழுவதும் மார்ஜின் பணமாகப் போய்விட்டது. விமான டிக்கெட்டுக்கும் குளிர் உடைகளுக்கும் வீட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை.

நான் சொன்ன தவறான யோசனை

படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுங்கள் என்று மச்சானிடம் சொன்னேன். 8,60,000-க்கு மாதம் 7,350 ரூபாய் வட்டி. கட்டிவந்தால் வங்கி ஒரு சதவீதம் குறைக்கும், கடனும் ஏறாது. சங்கத்தில் எல்லாருக்கும் சொல்கிற அறிவுரைதான். அவர் தலையாட்டினார். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று நான்கு மாதம் தவறாமல் கட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். மச்சான் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி அவரோடு பேசிவிட்டு வந்தார். அக்காவைத் தனியாகக் கேட்டேன். செப்டம்பரில் டிக்கெட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் மூணு வட்டிக்கு 40,000 வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 1,200 ரூபாய் அதற்கு வட்டி. பத்தேகால் சதவீதக் கடனுக்கு 7,350 கட்டியதால் 36 சதவீதக் கடனின் அசலைத் தொடவே முடியவில்லை. மளிகைக் கடையிலும் பாக்கி.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மச்சான் சொன்னார்: "நீங்க ஏற்கனவே அம்பதாயிரம் போட்டீங்க. உங்க வீட்டு நகை வேற. எப்படிங்க கேக்கறது?"

அன்று இரவு கடன் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். எங்கள் கடனில் மாரடோரியம் முடியும் வரை தனி வட்டிதான். வட்டிக்கு வட்டி இல்லை. அதாவது இந்த மாதம் கட்டினாலும் மாரடோரியம் முடியும் மாதத்தில் மொத்தமாகக் கட்டினாலும் வட்டித் தொகை ஒன்றுதான். இப்போது கட்டுவதால் கிடைக்கும் ஒரே லாபம் ஒரு சதவீதச் சலுகை, வருடத்துக்கு 8,600 ரூபாய். அதற்காகக் கையிருப்பே இல்லாத ஒரு வீட்டிலிருந்து மாதம் 7,350-ஐ நான் வெளியே இழுத்திருக்கிறேன். சம்பளம் மிஞ்சும் வீட்டுக்குச் சரியான யோசனை, இந்த வீட்டுக்குத் தவறு. பிப்ரவரியிலிருந்து வட்டி கட்டுவதை நிறுத்தச் சொன்னேன்.

விஷயம் எப்படியோ பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 934 யூரோவில் அவள் மாதம் 700 யூரோவுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தாள். விடுதி அறை 270, மருத்துவக் காப்பீடு சுமார் 120, சமைத்துச் சாப்பிட 170, பருவக் கட்டணத்தை மாதத்துக்கு வகுத்தால் 50, மீதி போன், சில்லறை. நான்கு மாதத்தில் சேர்ந்த பணத்திலிருந்து 450 யூரோவை அனுப்பி, அந்த 40,000-ஐ அடைத்தாள். ஜெர்மனியில் அவள் சேர்த்த முதல் பணம் நாமக்கல் வட்டிக்காரரிடம் போனது.

பகுதி நேர வேலை: வந்ததும் போனதும்

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டு ஞாபகம்தான். 2024 மார்ச்சில் பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருடம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. வரி பிடிக்காத மினிஜாப் என்ற சிறு வேலை வகை என்பதால் மாதம் 538 யூரோ வரை வாங்கலாம். மூன்று மாதத்தில் 1,500 யூரோவுக்கு மேல் வந்தது. அந்தப் பருவத்தில் ஒரு முக்கியப் பாடம் போனது. மறுதேர்வு எழுதி, அதைச் சார்ந்த பாடங்களை முடித்து, ஆய்வேட்டுக்குத் தேவையான மதிப்பெண்கள் சேர்வதற்குள் நான்கு பருவப் படிப்பு ஐந்தாகிவிட்டது.

ஒரு பருவம் கூடுதல் என்றால் ஆறு மாத வாழ்க்கைச் செலவு, அவளுடைய செலவில் 4,200 யூரோ. கிடங்கில் சம்பாதித்தது 1,500. பாடம் போனதற்கு இரவு வேலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பி எட்டு மணி வகுப்புக்குப் போனவள் அவள். முதல் வருடம் சம்பாதிக்காமல் படிக்கவிட்டிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். அதற்குத்தான் நாங்கள் ஒப்புதல் கடனைப் பெரிதாக வாங்கி வைத்திருந்தோம். அவள் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்போம். கடன் ஏறக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. அப்பா என்னிடம் கேட்காதது போலவே.

ஜூன் மாதம் பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே மாணவ உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 10 மணி நேரம், மாதம் 540 யூரோ. படிப்புக்கும் அது உதவியது.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து காட்ட வேண்டிய தொகை மாதம் 992 யூரோவாக, வருடத்துக்கு 11,904 ஆக உயர்ந்திருந்தது. இரண்டாம் வருடமும் பணம் காட்ட வேண்டும் என்பதைப் பல வீடுகளில் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவளுக்கு ஒரு வருட வேலை ஒப்பந்தம் இருந்ததால் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அது போகப் பற்றாக்குறை சுமார் 5,400 யூரோ. அவள் சேமிப்பு 1,100. மீதி 4,300 யூரோவுக்காகக் கடனில் இரண்டாம் தவணையாக 4 லட்சம் எடுத்தோம். ஒப்புதல் முன்பே இருந்ததால் ஒரு விண்ணப்பத்தில் வேலை முடிந்தது. அதன் பிறகு வீட்டிலிருந்து பணம் போகவில்லை. 2025 மார்ச்சிலிருந்து ஒரு நிறுவனத்தில் வாரம் 20 மணி நேர மாணவர் வேலை. ஐந்தாம் பருவம் முழுவதும் அவள் சம்பாத்தியத்தில் நடந்தது. 2026 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது கடன் எங்கே நிற்கிறது

ஒப்புதல் ஆவணத்தின்படி படிப்பு 2025 செப்டம்பரில் முடிகிறது, முதல் தவணை 2026 அக்டோபரில் தொடங்குகிறது. படிப்பு ஒரு பருவம் நீண்டதால், வேலை தேட அவளுக்கு வங்கி போட்ட கெடுவின்படி ஆறு மாதம்தான் மிஞ்சியது. ஜெர்மனியோ பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தேட 18 மாதம் தருகிறது. இரண்டு நாட்காட்டிகளும் ஒத்துப்போகவில்லை. படிப்பு தாமதமானால் காலத்தை நீட்டித்துத் தர கல்விக் கடன் விதிகளில் இடம் இருக்கிறது. 2025 ஜூலையிலேயே பல்கலைக்கழகக் கடிதத்தோடு கிளையில் விண்ணப்பித்தேன். மாரடோரியம் 2027 மார்ச் வரை நீண்டது. கெடு முடிந்த பிறகு போய் நின்றிருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

அடுத்த கேள்வி, சேர்ந்திருக்கும் வட்டி. கட்டிய நான்கு மாதம் போக, 2027 மார்ச் கணக்கில் அது சுமார் 3,82,000 வரும். இதை அசலோடு சேரவிட்டால் 12,60,000 கடன் 16,42,000 ஆகிவிடும். 15 வருடத்துக்கு மாதத் தவணை 17,900 ரூபாய். வட்டியை முன்பே கட்டி அசலை 12,60,000-இலேயே நிறுத்தினால், அதைவிடச் சற்றுக் குறைந்த 17,000 ரூபாய்த் தவணையில் கடன் 10 வருடத்தில் முடிந்துவிடும். ஐந்து வருடம் மிச்சம். மாரடோரியம் முடியும் மாதத்துக்குள் வட்டி முழுவதையும் கட்டுவதுதான் இப்போதைய இலக்கு. அவளிடம் 2,300 யூரோ இருக்கிறது. 2023-இல் தொண்ணூறரையாக இருந்த யூரோ 2025-இலேயே 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. வீட்டிலிருந்து யூரோ வாங்கி அனுப்புகிறவர்களுக்கு அது சுமை. கடன் ரூபாயிலும் சம்பாத்தியம் யூரோவிலும் இருக்கிற இவளுக்கு அது கை கொடுக்கிறது.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிவிலக்கு உண்டு என்று கடன் விற்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எட்டு வருடம் வரை வட்டி முழுவதையும் கழிக்கலாம் என்பது உண்மை. அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். மச்சானுக்கு வரியே வராது. அவளுக்கு இந்தியாவில் வருமானமே இல்லை. எங்கள் கணக்கில் அந்தச் சலுகைக்கு நேராகச் சுழியம் போட்டிருக்கிறேன்.

இரண்டு நேர்காணல் முடிந்து ஒரு நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறாள். போன வாரம் நோட்டில் இருப்பதை எல்லாம் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். வங்கி 12,60,000, நான் போட்ட 50,000, பத்திரச் செலவு, நகைக்கடன் வட்டி, எல்லாம் வரி வரியாக. அரை மணி நேரத்தில் போன் பண்ணினாள்.

"மாமா, ரெண்டு வரி விட்டுட்டீங்க."

"எது?"

"பெரியத்தை எட்டு லட்சம், சின்னத்தை எட்டு லட்சம்."

அவர்கள் விட்டுக்கொடுத்தது, கடன் கிடையாது என்று சொன்னேன். "எழுதி வைங்க மாமா" என்றாள். எழுதி வைத்திருக்கிறேன்.